ஏழாயிரம்பண்ணையில் வெடிக்காத குழாய்

இப்போதுதான் இருட்டுகிறது. ஏழாயிரம்பண்ணை அருகே ஒரு தரிசில், எடைக்கல்லை நகர்த்தி நகர்த்தி டெலஸ்கோப்பைச் சமன் செய்கிறேன். கம்பெனி வேனிலிருந்து இறங்கிய பட்டாசுத் தொழிலாளிப் பெண்கள் தள்ளியே நின்றுகொள்கிறார்கள்.

"எந்தக் கம்பெனிக்குண்ணே புது வெடி போட்டுப் பாக்கிறீக?" என்கிறார் ஒருவர்.

"வெடி இல்லக்கா. நட்சத்திரத்தைப் படம் எடுக்கிற குழாய்."

"புது அயிட்டம்னா எல்லாரும் இப்படித்தான் மறைப்பாக."

வடக்கே அடிவானத்தை ஒட்டித் தெரியும் துருவ நட்சத்திரத்துக்கு நேராக, குழாய் சுழலும் அச்சைத் திருப்புகிறேன். குனிந்து சுவிட்சைத் தட்டியதும் அத்தனை பேரும் காதைப் பொத்துகிறார்கள். மோட்டார் முனகுகிறது. கேமரா ஒரு நட்சத்திரத்தைப் பிடித்துக்கொள்ள, குழாய் அதன் பின்னாலேயே மெல்ல நகர்கிறது. எனக்குத் துள்ளிக் குதிக்கலாம் போலிருக்கிறது.

காதிலிருந்து கையை எடுத்த அக்கா என்னைப் பரிதாபமாகப் பார்க்கிறார்.

"மருந்து நமத்துப்போச்சுண்ணே. நாளைக்கு வெயில்ல காயப் போட்டுக் கொண்டாங்க, பாப்போம்."