டிரையருக்குப் பின்னால் இருந்த குழாய்

வெளியே மழை விடுவதாக இல்லை. முதியோர் இல்லத்துப் படுக்கை விரிப்புகள் ஈரத்தோடு கூடை கூடையாகக் கிடந்தன. சாயங்காலத்துக்குள் உலர்த்திக் கொடுத்தாக வேண்டும். சலவைக்கடைக்காரி டிரையரின் பொத்தானை அழுத்தினாள். மூச்சு பேச்சில்லை.

கணவன் போனபின் கடையை ஒற்றை ஆளாக இழுத்துக்கொண்டு வருபவள்; சட்டென்று கையைப் பிசைகிற ரகமில்லை. பிளக்கை வேறு பாயின்ட்டில் செருகிப் பார்த்தாள். கதவைத் திறந்து மூடினாள், சுவிட்ச் 'டிக்'கென்றது. அதிலும் குறையில்லை. கடைசியில் எலக்ட்ரீஷியனான கொழுந்தனைக் கூப்பிட்டாள்.

அவன் பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பின்தகட்டைக் கழற்றி, மீட்டரை வைத்துப் பார்த்தான்.

"ஃபியூஸ் போயிருக்கு அண்ணி. சூடு மீறினா கரண்டை நிறுத்துறது. இப்போதைக்கு ஃபியூஸ் இல்லாம வயரை வச்சு நேரா குடுத்துடறேன், ஓடும்."

"சூடு ஏன் மீறுச்சு?"

"பழைய மெஷின். ஆராய்ச்சி பண்ற நேரமா இது?"

"தம்பி, மேல உங்கம்மா படுத்திருக்காங்க. தீப்பிடிச்சா எழுந்து ஓட முடியாதவங்க."

"அப்ப எனக்குத் தொழில் தெரியாதுங்கறீங்க."

இல்லத்திலிருந்து போன் வந்தது. மாற்ற ஒரு விரிப்புகூட இல்லையாம். அதற்குள் அவன் வயரின் முனையைச் சீவத் தொடங்கியிருந்தான். அவள் பிளக்கைத் தரையிலிருந்து எடுத்துக் கைக்குள் இறுக்கிக்கொண்டாள்.

"நீ என்ன வேணா கட்டு. இதைச் செருக விடமாட்டேன்."

அவன் முகம் கறுத்தது. டிரையரைச் சுவரிலிருந்து வெடுக்கென்று இழுத்தான். சூடான காற்றை வெளியேற்றும் குழாய் கழன்று விழுந்தது. உள்ளே துணிப்பஞ்சு மெத்தைபோல அடைத்திருந்தது. இழுக்க இழுக்க வந்தது. மெஷினை ஒட்டியிருந்த பகுதி கருகிப்போய், தீய்ந்த நாற்றமடித்தது.



"இந்தக் குழாயை மாட்டினது நான்தான்," என்றான் அவன். "இத்தனை வளைவு வச்சிருக்கக்கூடாது."

"நானும் பஞ்சு வடிகட்டியை மட்டும் துடைச்சா போதும்னு இருந்துட்டேன். வாளியை எடு."

குழாயைச் சுத்தம் செய்து, வளைவில்லாமல் சுருக்கி மாட்டினார்கள். அவன் மழையிலேயே போய்ப் புது ஃபியூஸ் வாங்கிவந்து பொருத்தினான். டிரம் சுழன்றது. விரிப்புகள் இருட்டியபிறகுதான் போய்ச்சேர்ந்தன. இல்லத்து மேற்பார்வையாளர் பொரிந்து தள்ளினார்.

அவள் திரும்பிவந்தபோது கொழுந்தன் மாடியில் அம்மாவின் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தான்.

"என்னடா, இன்னைக்கு அதிசயமா இருக்கு?" என்று கேட்டாள் கிழவி.

"சும்மாதான்மா," என்றான்.