மயில்கொன்றையில் கட்டிய மஞ்சள் ஸ்ட்ராப்

நான் சின்ன வயதிலிருந்தே பயந்தாங்கொள்ளி. பல்லி விழுந்தாலும் ஊரைக் கூட்டுவேன். அப்படிப்பட்ட நான் பயத்திலேயே வாயை மூடிக்கொண்டது ஒரே ஒரு விஷயத்தில்தான். அது ஒரு மரம்.

ஒரகடத்தில் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கும் இடத்தில் மயில்கொன்றைக் காய் ஒன்று காலடியில் கிடந்தது. முழ நீளம், ஆட்டினால் கலகலவென்றது. படப்பையில் நாங்கள் புதிதாகக் கட்டிய வீட்டுக்கு முன்னால் நிழல் என்று பேருக்குக்கூடக் கிடையாது. விதையின் ஓர் ஓரத்தை உப்புத்தாளில் தேய்த்து, வெந்நீரில் ஊறப்போட்டேன். கெட்டித் தோல், அப்படியே போட்டால் லேசில் முளைக்காது. பெயிண்ட் வாளியில் ஒரு வாரத்தில் முளை வந்தது. மண்ணில் மாற்றி வைத்த பிறகு அது வளர்ந்த வேகம் இருக்கிறதே, டூட்டி முடிந்து வரும்போதெல்லாம் கொஞ்சம் ஏறியிருக்கும்.

நெஞ்சு உயரம் வந்ததும் காற்றில் சாய்ந்தது. பக்கத்தில் இரும்புக் கம்பி நட்டு, கம்பெனியில் பெட்டிகளைக் கட்டி வரும் மஞ்சள் பிளாஸ்டிக் ஸ்ட்ராப்பால் இறுக்கிக் கட்டினேன். எங்கள் தெருவில் துணிக்கொடி, கேட், கட்டில் கால் எல்லாம் அந்த ஸ்ட்ராப்பில்தான் நிற்கின்றன. கயிறு மக்கிவிடும், இது மக்காது என்று எனக்கு அதில் பெருமை வேறு. கட்டியதோடு மறந்தும் போனேன்.

நாலாவது வருஷக் கோடையில் மரம் மொட்டைமாடியைத் தாண்டிப் பூத்தது. அதே வருஷ மழைக்காலத்தில், புயல் என்று கம்பெனிக்கு லீவு விட்டார்கள். காலையில் வாசலுக்கு வந்தவள் சும்மா மரத்தைத் தடவினேன். நெஞ்சு உயரத்தில் சுற்றிலும் ஒரு பள்ளம். அதற்கு மேலே மரம் வீங்கியிருந்தது. பள்ளத்துக்குள் மஞ்சளாக ஒரு முனை. கத்தியை விட்டு நெம்பிப் பார்த்தேன், வரவில்லை. ஸ்ட்ராப்பை மரம் விழுங்கியிருந்தது.

காற்று அடித்தால் அந்த இடத்தில்தான் ஒடியும். மரம் சாய்ந்திருந்த பக்கமோ அடுத்த வீடு. ஆஸ்பெஸ்டாஸ் கூரை. கூரைக்குக் கீழே தூளியில் மூன்று மாதக் குழந்தை. 

மரம் வெட்டுகிறவருக்குப் போன் செய்தேன். "இந்தக் காத்துல யாரு ஏறுவா? நாளைக்குப் பாக்கலாம்" என்று வைத்துவிட்டார். நாளைக்காம்! கிளைகள் அப்போதே முனகிக்கொண்டிருந்தன. அடுத்த வீட்டுக்காரியிடம் ஓடினேன். ஆனால் நான் கட்டிய கட்டால் மரம் உன் குழந்தை மேல் விழப்போகிறது என்று எந்த வாயால் சொல்வது?

"ஏம்மா, கரண்ட்டு போயிடும். எங்க வூட்ல இன்வர்ட்டர் கீது. கொழந்தைய தூக்கிக்கினு வா."

"பரவால்லக்கா, இப்பதான் தூங்குது."

"தூங்குனா இன்னா? அப்டியே தூக்கு!" என்று கத்தியேவிட்டேன். என்ன நினைத்தாளோ, வந்தாள்.

மதியம் சோறு போட்டுக்கொண்டிருக்கும்போது சத்தம் கேட்டது. ஓடிப் போய்ப் பார்த்தால் கூரையைப் பிளந்துகொண்டு மரம் படுத்திருந்தது. தூளி நிறைய உடைந்த கூரைத் துண்டுகள். அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "நீ கூப்புடலன்னா எம் புள்ள..."

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ஒடிந்த இடத்தில் தொங்கிய ஸ்ட்ராப்பை யாரும் பார்க்குமுன் அறுத்துக் குப்பையில் போட்டேன். கூரையை நாங்களே மாற்றிக் கொடுத்தோம். அதற்கும் தெருவெல்லாம் என்னைப் புகழ்ந்தாள். புகழப் புகழ எனக்குப் பயம்தான் கூடியது.

கோடையில் அடிமரம் துளிர்த்தது. ஒரு கிளை மட்டும் விறுவிறுவென்று மேலே வந்தது. ஒரு சாயங்காலம் ஷிப்ட் முடிந்து வந்து, அடுத்த வீட்டுக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றேன். அவள் மரத்தருகே குனிந்து, அந்தக் கிளையைப் பழைய கம்பியோடு சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தாள். அவள் வீட்டுக்காரர் கம்பெனியிலிருந்து கொண்டுவந்த நீல ஸ்ட்ராப்.

"நீ ஆசையா வெச்ச மரமாச்சேக்கா. சாயாம இறுக்கிக் கட்டிட்டேன்."

"அவுத்துடும்மா." குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டேன். "இதே மாதிரி கட்னதாலதான் அன்னிக்கு மரம் ஒடிஞ்சிது. நான்தான் கட்னேன். காலைலயே பாத்துட்டேன். தெரிஞ்சிதான் உன்ன கூப்ட்டேன்."

அவள் கை ஸ்ட்ராப்பிலேயே நின்றது. தன் வீட்டுக் கூரையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன்.  நிமிர்ந்து வந்து, என் இடுப்பிலிருந்து குழந்தையை வாங்கிக்கொண்டாள்.