சந்தனம் பூசிய கை

நான் மனசார வெறுத்த முதல் ஆள் ஒரு நர்ஸ். காலில் முள் குத்திச் சீழ் வைத்து, காய்ச்சல் இறங்காத என்னை எங்கள் ஊர் பரவையிலிருந்து மாமாதான் மதுரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வந்தார். விஷம் ரத்தத்தில் கலந்துவிட்டது, பென்சிலினை நரம்பு வழியாக ஏற்ற வேண்டும், தாமதித்தால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார்.

மருந்து ஏற்றுவதற்கு முன் நர்ஸ் என் முன்கைத் தோலில் துளியூண்டு மருந்தைக் குத்தி, சுற்றிலும் பேனாவால் வட்டம் போட்டார். "ஒடம்புக்கு ஒத்துக்கிருதான்னு பாக்கணும். நான் வார வரைக்கும் யாரும் தொடாதீங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். எனக்கோ அரிப்பு தாங்கவில்லை, ஊரைக் கூட்டினேன். அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்து, வண்டியூர் மாரியம்மன் கோயில் சந்தனத்தைக் குழைத்து வட்டம் முழுக்கப் பூசிவிட்டாள். மாரியாத்தா சந்தனம் பூசுவதெல்லாம் அவள் கணக்கில் தொடுவதாகாது.

திரும்பி வந்த நர்ஸ் சந்தனத்தைத் துடைத்தார். பேனாக் கோடும் சேர்ந்து அழிந்தது. தேய்த்ததில் கையே சிவந்து, எது மருந்தின் தடிப்பு எது சந்தனத்தின் வேலை என்று தெரியாமல் போயிற்று. இன்னொரு கையில் மறுபடியும் குத்த வேண்டும் என்றார்.

மாமாவுக்குக் காய்கறிச் சந்தையில் ஏலம் கூறிப் பழகிய தொண்டை. "புள்ள நெருப்பாக் கொதிக்குது, மருந்தக் கையில வச்சுக்கிட்டு வேடிக்கை பாக்குறீகளா? ஏத்துங்கம்மா!" வார்டே திரும்பிப் பார்த்தது.

நர்ஸ் குரலை உயர்த்தவில்லை. "ஏத்த மாட்டேன்ணே. ஒத்துக்கிராத ஒடம்புல ஏத்துனா, ஊசிய உருவுறதுக்குள்ள மூச்சு நின்னுரும். பெரிய டாக்டரக் கூட்டியாந்தாலும் இதத்தான் சொல்வாரு."

அம்மாவின் முகம் வெளுத்தது. என் மறு கையை அவளே நீட்டிப் பிடிக்க, நர்ஸ் குத்தி வட்டம் போட்டார். நான் உதைத்தேன், கடித்தேன், பிடி தளரவில்லை. பக்கத்துக் கட்டில் ஆச்சி திருநீற்றோடு வந்தபோது, "நெத்தியில பூசுங்க ஆத்தா, கையத் தொடாதீக" என்று அம்மா குறுக்கே நின்றாள். காற்றுக்கூட என் கையில் படக் கூடாது என்பதுபோல் காவல் காத்தாள்.

வட்டத்துக்குள் தோல் தடித்துச் சிவந்து, கோட்டைத் தாண்டிப் படர்ந்தது. நர்ஸ் பார்த்தார், பென்சிலினை எடுத்துக்கொண்டு போனார். டாக்டர் வேறு மருந்து எழுதிக் கொடுத்தார். அது ஒத்துக்கொண்டது. காய்ச்சல் மெல்ல இறங்கி, காலும் பிழைத்தது.

வீட்டுக்குக் கிளம்பிய அன்று மாமா பெரிய பூப்பந்தாக மல்லிகை வாங்கிவந்து நர்ஸிடம் கொடுத்தார். இரண்டு கையையும் குத்திப் புண்ணாக்கி, கடைசியில் அந்த மருந்தையே போடாதவளுக்குப் பூ ஒரு கேடா என்று எனக்கு ஆத்திரம். அதை வாய்விட்டும் கேட்டேன். அம்மா, தான் சந்தனம் பூசிய அந்த முதல் கையை எடுத்துத் தன் கன்னத்தில் அழுத்திக்கொண்டு அழுதாள். ஊசி குத்தியது எனக்கு, இவள் எதற்கு அழுகிறாள் என்று கையை வெடுக்கென்று உருவிக்கொண்டேன்.