கைதட்டாத டேக்

கல்யாண வீடியோ எடுக்கும் ஒரு ஸ்டுடியோவில் இப்போது எனக்கு ஒலி வேலை. மணப்பெண்ணின் புடவையில் குட்டி மைக்கை மாட்டியதுமே, "அக்கா, ரெக்கார்ட் ஆகுது, பார்த்துப் பேசுங்க" என்று சொல்லிவிடுவேன். ஐந்து நிமிடம் கழித்து மறுபடியும் சொல்வேன். "எத்தினி வாட்டிம்மா சொல்லுவ? பொண்ணு பயந்துடப் போகுது" என்று ஓனர் அண்ணா கத்துவார். அவருக்குக் காரணம் தெரியாது.

நான் பதினொன்றாம் வகுப்பு படித்தபோது, ஆண்டு விழாவுக்காகப் பள்ளியில் குறும்படப் போட்டி வைத்தார்கள். தலைப்பு 'முகவரி'. நானும் என் தோழியும் சேர்ந்துகொண்டோம். அவளுடைய அப்பா வேறொரு பள்ளியில் ஆசிரியர். வீட்டில் லேப்டாப்பும் நல்ல போனும் இருந்தன. அதனால் கேமரா, எடிட்டிங், டைரக்‌ஷன் எல்லாம் அவள். நடிப்பும் சவுண்டும் நான். பார்சல் கொண்டுவரும் ஒரு பெண், வீட்டைக் கண்டுபிடிக்க முடியாமல் முடிச்சூரின் புது நகர்களில் சுற்றுகிறாள். அவ்வளவுதான் கதை. வசனம் கிடையாது. என் காலடிச் சத்தமும் தெருச் சத்தமும் போதும் என்றாள்.

அவள் போனில் படம்; என் சட்டைப் பாக்கெட்டில் இருந்த போனில் சத்தம். இரண்டையும் பிறகு ஒட்டவைப்பதற்காக, ஒவ்வொரு டேக்குக்கும் முன்னால் அவள் கேமராவுக்கு முன் ஒருமுறை கைதட்டுவாள். தட்டினால் டேக். தட்டாவிட்டால் டேக் இல்லை. அப்படித்தான் என் மனதில் பதிந்துபோனது. நிறுத்திவிட்டு மறுபடி ஆன் செய்ய மறந்துவிட்டால் என்ன ஆவது என்ற பயத்தில், காலையில் அழுத்திய ரெக்கார்டரை நான் நிறுத்தவே இல்லை. அதை மறந்தும் போனேன்.

மதியம் தண்ணீர் தீர்ந்துவிட்டது.

"உங்க வீடு இங்கதானே டி? வா, தண்ணி குடிச்சிட்டு வந்துடலாம்."

"சாவி இல்லடி."

"ஆன்ட்டி இல்லையா?"

"ஊருக்குப் போயிருக்காங்க."

"அவங்களுக்கு இன்னிக்கு டியூட்டின்னு காலைலதானே சொன்ன?"

பொய்யை வரிசையாக அடுக்கத் தெரியாதவள் நான். கட்டி முடிக்காத ஒரு வீட்டின் நிழலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். முடிச்சூரில் இருப்பது சித்தியின் வீடு. நாங்கள் இருப்பது பெரும்பாக்கம் ஹவுசிங் போர்டில், ஏழாவது மாடியில். அம்மாவுக்கு ஐடி கம்பெனியில் வேலை என்று நான் சொன்னது பொய்யில்லை. அங்கே ஹவுஸ்கீப்பிங் என்பதைத்தான் சொல்லவில்லை. பேரன்ட்ஸ் மீட்டிங்குக்குச் சித்தியை அம்மா என்று அழைத்து வருகிறேன். அம்மாவிடமோ, இந்தப் பள்ளியில் மீட்டிங்கே கிடையாது என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

"அந்த நீல யூனிஃபார்மோட அம்மா வந்து நின்னா நான் எங்கடி போய் மூஞ்ச வெச்சுப்பேன்?" என்று சொல்லி அழுதேன். "அம்மாவுக்கு மட்டும் தெரியவே கூடாதுடி."

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "சத்தியமா யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். ப்ராமிஸ்."

எந்தச் சத்தமும் தொலைந்துவிடக் கூடாதே என்று, கேட்டுக்கூடப் பார்க்காமல் மொத்த ஃபைலையும் பென்டிரைவில் ஏற்றி நானேதான் அவளிடம் கொடுத்தேன். பத்திரம், பத்திரம் என்று இரண்டு தடவை சொன்னேன்.

விழா அன்று மாலை, இருட்டிய ஹாலில் எங்கள் படம் ஓடியது. திரையில் நான் பார்சலோடு நடக்கிறேன். கதவு எண்களைப் பார்க்கிறேன். திடீரென்று என் குரல்: "முடிச்சூர்ல இருக்கறது எங்க வீடே இல்லடி." பக்கத்தில் யாரோ பேசுகிறார்கள் என்று திரும்பிப் பார்த்தேன். அதற்குள் பெரும்பாக்கம் வந்தது, சித்தி வந்தாள், நீல யூனிஃபார்ம் வந்தது. அந்தக் குரல் அந்த நடைக்கு எவ்வளவு கச்சிதமாகப் பொருந்தியது என்பதைத்தான் இன்றுவரை தாங்க முடியவில்லை. அவள் சத்தியம் செய்த இடம் மட்டும் படத்தில் இல்லை.

பலமாகக் கைதட்டினார்கள். "வாய்ஸ் என்ன நேச்சுரல்!" என்றார் போட்டி நடத்திய சார். பின்னாலிருந்து ஒருத்தி, "ஐடி கம்பெனி ஆன்ட்டிக்கு ஒரு ஓ போடு" என்றாள். சிரிப்பு.

விளக்கு எரிந்ததும் கடைசி வரிசையில் அம்மாவைப் பார்த்தேன். பட்டுப்புடவை, தலையில் பூ. ஷூட்டிங் முடிய நேரமான ஒருநாள் வீட்டுக்குப் பேசச் சொல்லி நான் கொடுத்திருந்த அம்மாவின் நம்பரில் என் தோழிதான் கூப்பிட்டு வரச்சொல்லியிருக்கிறாள்.

"சர்ப்ரைஸ் டி. ஆன்ட்டியே கேட்டுட்டா உனக்கு பாரம் குறையும்னு நெனச்சேன்."

"யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சொன்னியேடி."

"நான் எங்க சொன்னேன்? படத்துல நீதானே பேசற."

பஸ் மேடவாக்கம் வந்தது. அம்மா ஜன்னலைப் பார்த்தபடியே கேட்டாள்: "மீட்டிங்குக்கு நான் இன்னா யூனிஃபார்ம்லயா வந்து நிப்பேன்? பொடவை இல்லியா என்கிட்ட?"

அடுத்த மூன்று நாளும் பள்ளிக்குக் கிளம்பித் தாம்பரம் வரை போய்விட்டு அப்படியே திரும்பி வந்தேன். நாலாவது நாள், "டிசி வாங்கிடலாம்மா" என்றேன். வேறு பள்ளியில் சேர்ப்பதாக அம்மா சொன்னாள். நான்தான் பிறகு எங்கும் சேரவில்லை.

அந்த ஃபைல் இன்னும் என்னிடம் இருக்கிறது. சில நாள் ஹெட்போன் மாட்டிக்கொண்டு அவள் சத்தியம் செய்யும் இடத்தை மட்டும் கேட்பேன். ஒலி வேலை செய்கிறவளின் காதை வைத்துச் சொல்கிறேன்: அந்தக் குரலில் பொய் தெரியவில்லை. அன்று உண்மையாகத்தான் சொல்லியிருக்கிறாள். பிறகு லேப்டாப்பில் என் அழுகையைக் கேட்டபோதுதான் அவளுக்கு அது படமாகத் தெரிந்திருக்க வேண்டும். பொய் சொல்லியிருந்தாள் என்றால் வெறுத்துவிட்டுப் போயிருப்பேன்.

டிசி வாங்கப் போன அன்று அம்மா டியூட்டியிலிருந்து நேராக வந்தாள், நீல யூனிஃபார்மோடு. கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை.

ஆபீஸில் இருந்த சார் நிமிர்ந்து பார்த்தார். "பொண்ணோட அம்மா வரணும்மா. நீங்க யாரு?"

அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். "சித்தி சார்" என்றாள்.

"சித்தி கையெழுத்தெல்லாம் செல்லாதும்மா."

நான் மேஜைக்கு முன்னால் நகர்ந்தேன். "இவங்கதான் சார் எங்க அம்மா."

"அப்போ இத்தனை நாளா வந்துட்டுப் போனவங்க?"

அம்மா பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போடத் தொடங்கியிருந்தாள். தலையைத் தூக்காமலே, "கேக்கறாரு இல்ல, சொல்லு" என்றாள்.