பூட்ஸும் மண்சுவரும்

விருதுநகரில் எங்கள் இன்ஜினியர் சங்கத்துக்கு ஒரு கிளை திறந்தே தீருவது என்ற கிறுக்கு எனக்கு ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் கடைசியில் பிடித்தது. மராமத்து இலாகாவில் உத்தியோகம். பகலெல்லாம் பாலம், மதகு, ரோட்டுச் சல்லி என்று வெயிலில் காய்வேன். சாயங்காலம் பேச்சுத்துணைக்கு ஆள் கிடையாது. ஊரில் யாரைப் பார்த்தாலும் பருப்பு விலை, மிளகாய் விலை, எண்ணெய் விலை. கான்கிரீட்டைப் பற்றிப் பேச ஒரு நாதி இல்லை. மதுரையில் கிளை இருக்கிறது, நமக்கென்ன குறைச்சல்? இப்படித்தான் ஆரம்பித்தது.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன், பேச்சுத்துணை மட்டும் காரணம் இல்லை. என் பெயருக்குக் கீழே 'கௌரவச் செயலாளர்' என்று போட்டுக்கொள்ள ஆசை. மெட்ராஸ் தலைமை அலுவலகம் சம்மதம் சொல்வதற்கு முன்பே ரப்பர் ஸ்டாம்ப் செய்து வைத்துவிட்டேன். என் மனைவி அதைப் பார்த்துவிட்டு, "கல்யாணமே ஆகல, அதுக்குள்ள பிள்ளைக்கு அருணாக்கயிறா?" என்றாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். வர வேண்டிய இடத்தில் மட்டும் வராது.

மின்சார இலாகாக்காரர்கள், நகராட்சி இன்ஜினியர், மில்லில் இயந்திரம் பார்த்தவர், ரயில்வேக்காரர் என்று ஒவ்வொருவர் வீட்டுக்கும் சைக்கிள் மிதித்து ஆள் சேர்த்தேன். மெட்ராஸிலிருந்து ஒரு பெரியவர் வந்து விளக்கேற்றித் தொடங்கிவைத்தால்தான் கிளை என்பது சங்கத்தின் விதி. யாருக்கு எழுதினாலும் "விருதுநகரா? அங்கே என்ன இருக்கிறது?" என்ற மாதிரியே பதில் வந்தது. கடைசியில் ஓய்வுபெற்ற தலைமைப் பொறியாளர் ஒருவர் சம்மதித்தார். அவருக்கு ஒரே ஒரு ஆசை. சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசுத் தொழிற்சாலையைச் சுற்றிப் பார்க்க வேண்டும். தீபாவளி நெருங்குகிற சமயம், பேரப்பிள்ளைகளுக்கு நாலு பெட்டி வாங்கிக்கொள்ளவும் தோதாக இருக்கும் என்று எழுதியிருந்தார்.

நான் உடனே நாரணாபுரத்துக்கு ஓடினேன். அங்கே கம்பெனி வைத்திருந்த ஒரு முதலாளி எனக்குப் பழக்கம். அவர் கம்பெனிக்குப் போகிற சாலையில் நான் ஒரு சிறுபாலம் கட்டியிருந்தேன். அந்தப் பக்கத்து வழக்கப்படி அண்ணாச்சி என்று கூப்பிடுவேன்.

"வரட்டும், தாராளமா வரட்டும். பெரியவுக பாதம் படுறது நமக்குப் பெருமைதான?" என்றார் அண்ணாச்சி. அப்புறம் குரலைத் தாழ்த்தி, "ஒண்ணு கேக்கேன், தப்பா நெனைக்காதீக. பூட்ஸ் போட்டுக்கிட்டு வருவாகளோ?"

பூட்ஸ்தான் போடுவார். மெட்ராஸில் பார்த்திருக்கிறேன். லாடம் அடித்த பூட்ஸ். அவர் வராந்தாவில் நடந்தால் ஆபீஸே எழுந்து நிற்கும்.

பட்டாசுக் கம்பெனிக்குள் செருப்புக்கால் ஆகாது. தரையில் மருந்துத்தூள் சிந்திக் கிடக்கும். ஓர் ஆணி கல்லில் உரசிப் பொறி தட்டினால் போதும். முதலாளி முதல் பெருக்குகிறவர் வரை எல்லோரும் வாசலிலேயே கழற்றிப் போட்டுவிட்டுத்தான் உள்ளே போவார்கள்.

"வாசல்ல வச்சு நீங்க ஒரு வார்த்தை சொல்லிருவீகளா, கழத்தச் சொல்லி?" என்று கேட்டார் அண்ணாச்சி.

"அதெப்படி அண்ணாச்சி, அவ்வளவு பெரிய மனுஷனை நான் போய்..."

அதைச் சொல்ல எனக்கு நாக்கு எழாது. நான் வளர்ந்த விதம் அப்படி. வெம்பக்கோட்டைப் பக்கம் எங்கள் ஊரில், எங்கள் புஞ்சையில் கூலி வேலை செய்தவர்கள் எங்கள் தெருவுக்குள் நுழையும்போது செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொள்வார்கள். யார் முன்னால் யார் கழற்றுவது என்பதுதான் அங்கே மரியாதையின் கணக்கு. ஒருவரைப் பார்த்துச் செருப்பைக் கழற்று என்றால் அவரைக் கீழே இறக்குகிறோம் என்று அர்த்தம். தலைமைப் பொறியாளரிடம் நான் அதைச் சொல்வதா? அண்ணாச்சிக்கும் அதே சங்கடம்.

"அப்பச் சரி, விடுங்க. வேலைய நிப்பாட்டிருவோம். மருந்தையெல்லாம் ஒதுக்கிட்டுக் களுவி விட்டுட்டா, பூட்ஸு என்ன, குதிரையிலயே வந்தாலும் பயமில்ல" என்றார். இரண்டு பேரும் பெருமூச்சு விட்டோம்.

வெளியே வந்தபோது வாசலில் ஒரு குரல். "சின்னையா!"

எங்கள் ஊர்க்காரப் பெண். அவரும் அவர் கணவரும் தலைமுறையாக எங்கள் புஞ்சையில் உழைத்த குடும்பம். பட்டாசு வேலை கிடைத்ததும் இருவரும் நாரணாபுரம் வந்துவிட்டார்கள். அவர்கள் ஊரைவிட்டுப் போனபோது என் அப்பா கோபத்தில் தையத்தக்கா என்று குதித்தார். அந்தப் பெண் என்னைவிட மூத்தவர். அன்று நான் அவரை 'நீ' என்றுதான் பேசினேன். எழுதும்போதாவது 'அவர்' என்று எழுதிக்கொள்கிறேன். இதனால் அவருக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை, தெரியும்.

"வாங்க சின்னையா, வந்து எங்க வீட்டப் பாருங்க" என்று கூட்டிப்போனார். ஒரு துண்டு இடம் வாங்கி மண்சுவர் எழுப்பியிருந்தார்கள். நாலு பக்கமும் நல்ல கனம். மேலே கூரை இல்லை, பனையோலையை அங்கங்கே போட்டுக் கல் வைத்திருந்தார்கள். வாசல்படிக்கு நடுவில் நின்றுகொண்டு, "இது யாரு வீடுன்னு யாரும் கேக்க முடியாது, எங்க வீடு" என்றார். அந்த முகத்தை நான் எங்கள் புஞ்சையில் ஒருநாளும் பார்த்ததில்லை.

நான் சுவரைத் தட்டிப் பார்த்து இன்ஜினியர் தோரணையில் சொன்னேன்: "நல்லாத்தான் வச்சிருக்க. ஆனா கூரையில்லாத மண்சுவரு மழைக்கு நிக்காது, பாத்துக்க. மொத மழைக்கு முன்னாடி ஓடு போட்ரு."

"அதுக்குத்தான பறக்கோம் சின்னையா. சனிக்கெழமை சம்பளம் வந்தா சூளைக்காரரு ஓட்டு லோடை எறக்கிருவாரு. ஞாயித்துக்கெழமை எல்லாருமாச் சேந்து மேஞ்சிருவோம்."

செய்து முடிக்கிற உருப்படிக்குத்தான் அங்கே கூலி. வேலை இல்லையென்றால் சம்பளமும் இல்லை. இது எனக்குத் தெரியாது என்று சொல்ல எனக்கு வாய் இல்லை. நன்றாகத் தெரியும்.

பெரியவர் அந்தப் புதன்கிழமை வருவதாக ஏற்பாடு. அண்ணாச்சி திங்கட்கிழமையே வேலையை நிறுத்திவிட்டார். மருந்தை ஒதுக்க வேண்டும், ஒவ்வொரு அறையையும் கழுவிக் காயவிட வேண்டும். வெள்ளையும் அடித்துவிடலாமே என்று அவருக்கு ஆசை. சீசன் உச்சத்தில் இருந்தது, ஆர்டர் குவிந்து கிடந்தது. ஆனாலும் மெட்ராஸ் இன்ஜினியர்கள் வருகிறார்கள் என்றால் சும்மாவா!

ஏற்பாடுகளைப் பார்க்கப் போன என்னை எங்கள் ஊர்க்காரப் பெண் கேட்டடியில் மறித்தார். பின்னால் இன்னும் சில பெண்கள் நின்றார்கள்.

"சின்னையா, நீங்க சொன்னா மொதலாளி கேப்பாக. அந்த ஐயா வாரன்னிக்கு மட்டும் நிப்பாட்டச் சொல்லுங்களேன். இல்லாட்டி அவுகள செருப்பக் கழத்திட்டு வரச் சொல்லுங்க. நாங்கல்லாம் கழத்திட்டுத்தான போறோம்?"

பின்னால் நின்றவர்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். எனக்கு முகம் சிவந்துவிட்டது.

"பாக்கலாம்" என்றேன்.

நம் ஊரில் பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவர் முகம் சுருங்கியது. நான் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.

புதன்கிழமை வரவேண்டிய பெரியவர், சனிக்கிழமைதான் வர முடியும் என்று தந்தி அடித்தார். கழுவி வெள்ளையடித்த அறைகளில் மறுபடி மருந்தைப் பரப்ப அண்ணாச்சிக்கு மனம் வரவில்லை. "ஒரேயடியா திங்கக்கெழமை ஆரம்பிச்சுக்கிருவோம்" என்றார். அந்த வாரம் முழுக்க வேலை நடக்கவில்லை.

சனிக்கிழமை பெரியவர் ரயிலில் வந்து இறங்கினார். காரில் நேராக நாரணாபுரம் போனோம். அண்ணாச்சி மாலை போட்டார். பூட்ஸ் டக்டக்கென்று ஒலிக்க, காலி அறை ஒவ்வொன்றாகப் பார்த்தார் பெரியவர். "என்ன சுத்தம், என்ன சுத்தம்! ஆமா, வேலையாட்களைக் காணோமே?" என்று கேட்டார்.

"இன்னைக்கு லீவுங்க" என்றார் அண்ணாச்சி.

நான் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

திரும்பும் வழியில் சிவன் கோயிலைப் பார்க்க வேண்டும் என்றார் பெரியவர். வாசலில் கார் நின்றதும், யாரும் சொல்லாமலே குனிந்து பூட்ஸைக் கழற்றினார். காலுறையையும் உருவி அதற்குள் செருகிவிட்டு, சுடுகல்லில் சின்னப் பிள்ளை மாதிரி தத்தித்தத்திக் குதித்து நடந்தார். என்னைப் பார்த்துச் சிரித்தபடியே சொன்னார்: "இந்தக் கயிறுதான் தொல்லை, மற்றபடி எனக்கு வெறுங்கால்தான் இஷ்டம். பட்டாசு ஆலையிலேயே கழற்றச் சொல்வீர்கள் என்று நினைத்தேன். அதுதானே முறை? நீங்கள் சொல்லவில்லை, சரி, இங்கே வேறு ஏற்பாடாக்கும் என்று இருந்துவிட்டேன்."

பாவி, ஒரு வார்த்தை! நான் ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அன்று கோயிலில் என்ன சாமி கும்பிட்டேன் என்று நினைவில்லை.

சாயங்காலம் விருதுநகரில் தொடக்க விழா. வாசலில் அண்ணாச்சி கொடுத்துவிட்ட சரவெடி. மேடையில் குத்துவிளக்கு. பெரியவர் அணைகளைப் பற்றி அருமையாகப் பேசினார். நான் நன்றி சொல்ல எழுந்தபோது இடி இடித்தது. மழை ஓட்டின் மேல் விழுகிற சத்தத்தில் என் குரலே எனக்குக் கேட்கவில்லை. மழைக்கு ஏங்கியே வளர்ந்த கரிசல் காட்டுக்காரன் புத்தி போகுமா? "நம் கிளையை வானமே வாழ்த்துகிறது" என்று கத்தினேன். கைதட்டல் அள்ளியது. தட்டி முடிப்பதற்குள் எனக்கு அந்தச் சுவர் நினைவுக்கு வந்துவிட்டது. மைக்கைப் பிடித்தபடி அப்படியே நின்றேன். நான் நெகிழ்ந்துபோய் நிற்பதாக நினைத்து அவர்கள் இன்னொரு தடவை தட்டினார்கள்.

மழை விட்டுவிட்டுப் பெய்தது. நான் நாரணாபுரம் போய்ப் பார்த்திருக்க வேண்டும். போகவில்லை. பெரியவரை ரயிலேற்ற வேண்டும், நன்றிக் கடிதங்கள் எழுத வேண்டும் என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டேன். அந்தக் கடிதங்களில் ரப்பர் ஸ்டாம்பைக் குத்தக் குத்தக் கை கூசியது.

தீபாவளிக்கு ஊருக்குப் போனேன். கையில் அண்ணாச்சி கொடுத்த பட்டாசுப் பெட்டி. அம்மா ஆப்பையும் கையுமாக வந்து, "இந்த வருசம் ஆளுக்குப் பஞ்சமில்லப்பா. ஓடிப்போனதுகளே திரும்பி வந்துருச்சுக" என்றாள், நல்ல சேதி சொல்வதுபோல. அப்பா மீசையைத் தடவிக்கொண்டார்.

புஞ்சைக்குப் போனேன். பருத்திக்குள் குனிந்து களை வெட்டிக்கொண்டிருந்தார், நாரணாபுரத்தில் சுவர் எழுப்பிய அவர். என்னைப் பார்த்ததும் நிமிர்ந்தார். அவசரமாகக் கொண்டையை முடிந்துகொண்டார்.

"வாங்க சின்னையா. கூட்டம் நல்லா நடந்துச்சா?"

"சுவரு..." என்றேன்.

"ஓடு வரல. ஓலையக் காத்து தூக்கிருச்சு. ஒரே ராத்திரியில கரைஞ்சு போச்சு. நீங்கதான் சொன்னீகள்ல, மழைக்கு நிக்காதுன்னு. சரியாத்தான் சொன்னீக." குரலில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும். "ஒண்ட எடமில்ல. பெரியய்யாகிட்டக் கேட்டோம். மாட்டுக்கொட்டாயோரம் இருந்துக்கங்கன்னாக. இருந்தா காட்டு வேலையும் பாக்கணும்ல? கம்பெனிக்கு இங்கருந்து எப்படிப் போக?"

"ஓடு நான் வாங்கித் தாரேன். சுவரும் எடுத்துத் தாரேன். நான்தான்..." என்றேன்.

"வேண்டாஞ் சின்னையா. நீங்க எடுத்துக் குடுத்தா அது உங்க வீட்டுச் சுவரால்ல ஆயிரும்" என்றார். சொல்லிவிட்டுக் களைக்கொத்தைத் தரையில் தட்டி மண் உதிர்த்தார். "ஒண்ணே ஒண்ணு. அந்த மாதிரிப் பெரியவுக மறுக்கா வந்தாக்க, எப்பன்னு முன்கூட்டியே சொல்லி விட்ருங்க. எங்க ஆளுக இன்னும் நாலு பேரு அங்கன சுவரு வச்சுக்கிட்டிருக்காக."

குனிந்து வேலையைத் தொடர்ந்தார். நான் பட்டாசுப் பெட்டியைப் பிரிக்காமலே அந்தத் தீபாவளியைக் கழித்தேன். "என்னடா, காய்ச்சலா?" என்று கேட்டாள் அம்மா.

மாசியில் அடுத்த பேச்சாளர் வந்தார். இவருக்கும் பட்டாசு ஆலையைப் பார்க்க வேண்டும். தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற வேலைதான், ஆனாலும் வாலையாவது பிடிக்கலாம் என்று முதல் ஆளாக இறங்கி, கேட்டடியில் என் செருப்பைக் கழற்றினேன். "சார், இங்கே செருப்பு ஆகாது. உள்ளே வேலை நடக்கிறது" என்றேன்.

"ஓ, அதுக்கென்ன!" என்று சொல்லி, நின்றவாக்கிலேயே கழற்றி உதறினார் அவர். இவ்வளவுதான் விஷயம்.

வேலை நிற்கவில்லை. அறை வாசல்களில் உட்கார்ந்து திரி செருகிக்கொண்டிருந்த பெண்கள் அவருடைய வெளுத்த பாதங்களைப் பார்த்துத் தங்களுக்குள் சிரித்தார்கள். நான் எங்கள் ஊர்க்காரப் பெண்ணை ஒவ்வொரு வாசலாகத் தேடினேன், இல்லை என்று தெரிந்தே. அவர் அப்போது எங்கள் புஞ்சையில் பருத்தி எடுத்துக்கொண்டிருந்தார்.