நான் மறைத்த இருமல்

முதலில் வந்தது வறட்டு இருமல். இமயத்தில் மூன்றாவது முகாமில், காலையில் ஷூ கயிற்றைக் கட்டக் குனிந்தபோது தொடங்கியது. கட்டி முடித்து உட்கார்ந்த பிறகும் மூச்சிரைப்பு அடங்கவில்லை. சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் மூச்சு வாங்கினால் உடனே கீழே இறங்கிவிட வேண்டும். மலையேறப் போகிறவர்கள் இதை மட்டுமாவது நினைவில் வையுங்கள். பயிற்சியில் எனக்கும் சொல்லித்தான் அனுப்பினார்கள். தெரிந்தும் மறைத்தேன்.

காரணத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. நான் ஏரலில் ஹார்டுவேர் கடை வைத்திருப்பவன், வயது நாற்பத்தாறு. நான் ரயில் ஏறும் முன்பே என் தம்பி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஃப்ளெக்ஸ் கட்டிவிட்டான். ‘சிகரம் தொட்ட சிங்கமே வருக’ என்று, கையில் கொடியோடு என் படம்.

“இன்னும் ஏறவே இல்லியேலே” என்றேன்.

“அதெல்லாம் ஏறிருவிய, காக்கா” என்றான். எங்கள் வீடுகளில் அண்ணனைக் காக்கா என்றுதான் கூப்பிடுவோம்.

பாதியில் திரும்பினால் அந்தப் படத்துக்குக் கீழே எப்படிப் போய் பஸ்ஸை விட்டு இறங்குவது? நுரையீரலில் நீர் சேர்ந்துகொண்டிருந்தபோது என் மண்டையில் ஓடியது இதுதான்.

என்னோடு வந்த ஒரே ஆள் வழிகாட்டி தாவா, அந்த மலையடிவாரக் கிராமத்துக்காரர். வளைகுடாவில் எட்டு வருடம் வேலை பார்த்ததால் எனக்கு இந்தி வரும், அதில்தான் பேசிக்கொள்வோம். “தலைவலி, இருமல் ஏதாவது உண்டா?” என்று அன்றும் கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். மறுநாள் மதியம் சளியோடு இளஞ்சிவப்பு நுரை வந்தது. இரண்டு எட்டு வைக்க முடியவில்லை.

தாவா திட்டவில்லை. இரண்டு பேருடைய சுமையையும் கழற்றிப் போட்டார். கூடாரம், காலி கேஸ் சிலிண்டர்கள், பிளாஸ்டிக் உறைகள், எங்கள் கழிவை அடைத்த பை எல்லாம் பனியிலேயே கிடந்தன. கொண்டுபோனதைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்பது அங்கே விதி. “முதலில் உங்களை இறக்குகிறேன்” என்றார். பாதி தூரம் நடந்தேன், பாதி தூரம் அவர் முதுகில் வந்தேன். கண்ணை மூடினால் திறக்க மாட்டேனோ என்று பயந்து கலிமாவைச் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

அடிவார மருத்துவமனையில் ஐந்து நாள் ஆக்சிஜன் வைத்தார்கள். உயர்மலை நுரையீரல் நீர்க்கோவை (உயரத்தில் காற்றழுத்தம் குறைவதால் நுரையீரலுக்குள் நீர் கசிந்து சேர்வது) என்றார்கள்.

ஊர் திரும்பியதும் திருநெல்வேலியில் டாக்டரைப் பார்த்தேன். “இருமல் வந்த அன்னைக்கே எறங்கியிருக்கணும்லா அண்ணாச்சி?” என்றார்.

என் மனைவி சபீனா முந்திக்கொண்டாள். “ஃப்ளெக்ஸ்ல படம் போட்டாச்சுல்லா டாக்டர், பெறவு எப்படி எறங்குவாவ?”

டாக்டர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. ஒரு வாரம் என்னோடு பேசவும் இல்லை.

இரண்டு மாதம் கழித்து, தெருமுனை வரை நடக்க முடிந்த பிறகுதான் தாவாவைக் கூப்பிட்டேன். அவர் மனைவி எடுத்தார். என்னை மருத்துவமனையில் சேர்த்த மறுநாளே அவர் மறுபடி மேலே போயிருக்கிறார், நாங்கள் போட்டுவந்ததை எடுக்க. அந்தச் சரிவில் உருகும் பனிதான் அவர்கள் ஊருக்குக் குடிதண்ணீர். பனிப்புயலில் மாட்டி, வலது கையில் பனிக்கடி (கடுங்குளிரில் ரத்த ஓட்டம் நின்று சதை கருகுவது). மூன்று விரல்களை எடுத்துவிட்டார்களாம்.

நான் தாமிரபரணியின் கடைசியில் குடியிருப்பவன். மேலே இருப்பவர்கள் ஆற்றில் விடும் பரிகாரத் துணியும் சாக்கடையும் எங்கள் குழாயில்தான் வருகின்றன என்று ஊர்க்கூட்டத்தில் கத்தியவன். பிறகு தாவா போனை வாங்கினார்.

“மூச்சு இப்போது எப்படி இருக்கிறது, பாய்?”

நன்றாக இருக்கிறது என்றேன். அது உண்மை. நுரையீரல் சுத்தமாகிவிட்டது, இனி வர வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

நாற்பத்தாறு வருடம் நினைக்காமலே விட்ட மூச்சை இப்போது மாடிப்படி ஏறும்போதெல்லாம் கவனிக்கிறேன். தடையில்லாமல் வருகிறது. வரும்போதெல்லாம் அந்த ஒரு நாள்தான் கண்முன் நிற்கிறது. அன்றைக்கு அவர் கேட்டபோது வாயைத் திறந்து சொல்லியிருந்தால், கூடாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு இரண்டு பேரும் பைய நடந்தே இறங்கியிருப்போம். அவருக்கு அந்தக் கையில் ஐந்து விரலும் இருந்திருக்கும்.