பின்பக்கம் மூடி இல்லாத எஞ்சின்

ஸ்பேனரக்கா என்று கேட்டால்தான் அந்தத் தெருவில் ஆளைக் காட்டுவார்கள். பெற்ற அப்பா வைத்த பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள். அப்பா போன பிறகு பட்டறை அவளுக்கும் தம்பிக்கும் வந்தது. இங்கிலாந்தில் செய்த பழைய குட்டிக் கார்கள், அதிலும் மினி என்றால், அந்த ஊரில் இந்தப் பட்டறையை விட்டால் வேறு நாதியில்லை. ஒரு வண்டியின் எஞ்சினைக் கழற்றி இன்னொரு வண்டியில் மாட்டுவது அந்த இரண்டு பேருக்கும் சட்டை மாற்றுகிற மாதிரி.

அந்த வண்டிகளில் ஒரு விஷயம் உண்டு. எஞ்சின் மேலே தகட்டில் என்ன நம்பர் இருந்தாலும் அதை அப்படியே நம்பக் கூடாது. கை மாறிக் கை மாறி, எது எதில் உட்கார்ந்திருக்கிறது என்று ஒருவருக்கும் தெரியாது. பின்பக்கத்தைப் பார்க்க வேண்டும். சின்ன எஞ்சினுக்குப் பின்னால் இரண்டு தகர மூடி இருக்கும். அவர்கள் பட்டறைக்கு வந்த பெரிய எஞ்சின்களுக்கு அங்கே வெறும் இரும்புதான், மொட்டைச் சுவர் மாதிரி. அப்படியும் சந்தேகம் தீராவிட்டால், ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டையில் சைக்கிள் சக்கரத்துக் கம்பி ஒன்றை நிறுத்தி, எஞ்சினைக் கையால் மெல்லச் சுற்ற வேண்டும். உள்ளே இருக்கிற பிஸ்டன் கம்பியை எவ்வளவு தூக்குகிறதோ அதில் குட்டு வெளிப்பட்டுவிடும். தம்பி அதற்கென்றே ஒரு கம்பியில் அரத்தால் கோடு கிழித்து வைத்திருந்தான். கம்பி எழும்பும்போது மேல் கோடு மட்டும் வெளியே வந்தால் சின்னது, கீழ்க் கோடும் வந்தால் பெரியது.

அவன் தனக்கென்று ஒரு மினி கட்டினான். உள்ளே பெரிய எஞ்சின். அதன் தலையில், உடைத்துப் போட்ட ஏதோ ஒரு கிழட்டு வண்டியின் சின்ன எஞ்சின் தகடு.

"பார்க்கிறவன் சின்ன எஞ்சின்னு இளக்காரமா நினைக்கணும்க்கா. அப்புறம் மேட்டுல அவனைத் தாண்டிப் போய், கண்ணாடியில அவன் மூஞ்சியைப் பார்க்கணும்."

"கல்யாணம் பண்ணி வச்சும் உனக்குப் புத்தி வரலையேடா" என்று திட்டிக்கொண்டே தகட்டுக்கு ரிவிட் அடித்தது அக்காதான். பெரிய எஞ்சினின் சொந்தத் தகட்டை அவன் விளக்கு சுவிட்சுக்குப் பக்கத்தில் சுவரில் ஆணி அடித்து மாட்டினான். அவன் மனைவியையும் சேர்த்து மூன்று பேருக்கும் அதைப் பார்த்தால் சிரிப்பு வரும்.

ஒரு நாள் யாருக்கோ கார்புரேட்டர் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று அந்த வண்டியில் போனான். வரவில்லை. ஆளும் இல்லை, வண்டியும் இல்லை. ஒன்பது வருஷம் ஆயிற்று.

அவன் மனைவி பட்டறைக்கு மேலே இருந்த அறையில் துணி தைத்துக்கொண்டிருந்தாள். பிறந்த வீட்டுக்குப் போகவும் இல்லை. பேக்கரி வைத்திருந்த ஒரு நல்ல மனுஷன் அவளைக் கட்டிக்கொள்கிறேன் என்று கேட்டுவிட்டுப் பொறுமையாகக் காத்திருந்தான். ஸ்பேனரக்காவும் சரி சொல்லச் சொல்லித்தான் பார்த்தாள்.

"எப்படி அண்ணி சொல்றது? அவர் இருந்தா நான் பொண்டாட்டி. இல்லைன்னா வேற. எதுன்னு யாராவது சொன்னா நான் மேல ஆக வேண்டியதைப் பார்ப்பேன். தெரியாம ஒரு அடி எடுத்து வைக்க மாட்டேன்." அவ்வளவுதான். தையல் மெஷின் மறுபடி ஓட ஆரம்பித்துவிடும்.

நல்ல வெயில் அடிக்கிற மத்தியான நேரத்தில்தான் பல் டாக்டர் வந்தார். பச்சை நிற மினி, புதிதாக வாங்கியது. ஆள் இறங்கி வெளியே வந்து நிற்கிறார், சாவி அவர் விரலில் ஆடுகிறது, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கிறது.

"பாருங்கக்கா. அணைச்சாலும் நிக்க மாட்டேங்குது. பேஷன்ட் எல்லாம் பயந்துக்கிறாங்க."

"உங்ககிட்டப் பல்லைக் காட்டுறவங்களுக்கு இதைப் பார்த்தா பயம்?" என்றாள் ஸ்பேனரக்கா. சொன்னாளே தவிர அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. சூடேறின எஞ்சின் இப்படி இரண்டு முறை இருமிவிட்டு அடங்குவதை அவள் எத்தனையோ பார்த்திருக்கிறாள். இது அடங்கவில்லை. ஏதோ சொல்ல வந்து வார்த்தை வராதவன் மாதிரி திக்கித் திக்கி, வண்டியையே உலுக்கி உலுக்கி ஓடியது. என்ன சத்தம் என்று தம்பி மனைவி தையலை விட்டுவிட்டு மாடிப்படியில் இறங்கி வந்தாள். அவள் கால் கடைசிப் படியில் பட்டதும் எஞ்சின் நின்றது.

குளத்துப் பாசி வாடை அடித்தது. பக்கத்தில் குளம் ஏது?

"இதைக் கழட்டிட்டு நல்லதா ஒரு சின்ன எஞ்சின் போட்டுடுங்க" என்றார் டாக்டர். "இதுவும் சின்னதுதானாம். தகட்டைப் பார்த்துச் சொன்னாங்க."

அவள் எட்டிப் பார்த்தாள். மினியில் எஞ்சினின் பின்பக்கம் ஆட்கள் உட்காருகிற பக்கத்துத் தடுப்போடு ஒட்டிக்கொண்டிருக்கும், கண்ணுக்கு எட்டாது. டாக்டர் தன் பையிலிருந்து வாய்க்குள் விட்டுப் பார்க்கிற சின்னக் கண்ணாடியை எடுத்து நீட்டினார். அதைச் சந்துக்குள் விட்டாள். வட்டத்துக்குள் தெரிந்தது மொட்டைச் சுவர். மூடி இல்லை.

பட்டறைக்குள் போய்த் தம்பியின் கம்பியை எடுத்து வந்தாள். ஒன்பது வருஷமாக யாரும் தொடாதது. பிளக் ஓட்டையில் நிறுத்தினாள். அவள் சுற்றுவதற்கு முன்பே கம்பி ஒரு நூல் எழும்பியது. வண்டி உருண்டிருக்கும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். சக்கரத்துக்குக் கல் வைத்திருந்ததை அப்புறம்தான் பார்த்தாள். சுற்றினாள். ஓட்டைக்கு வெளியே மேல் கோடு வந்தது, கீழ்க் கோடும் வந்து நின்றது. தகட்டின் ரிவிட்டைப் பார்த்தாள். ஒன்று கொஞ்சம் சாய்ந்திருந்தது. அடிக்கும்போது தம்பி சிரிப்பு மூட்டியதில் கை தவறி அவளே சாய்த்தது.

"அண்ணி?" என்றாள் பின்னால் நின்றவள்.

"இரு. இன்னும் ஒண்ணு பார்த்துடறேன்."

எஞ்சினைச் சங்கிலியில் கட்டி வெளியே தூக்கினாள். எஞ்சின் உடம்பில், உள்ளே தண்ணீர் ஓடுகிற இடத்தை அடைத்துக் காசு மாதிரி வட்டத் தகரங்கள் இருக்கும். அதில் ஒன்றின் ஓரத்தில் உளியை வைத்துத் தட்டினாள். தகரம் புரண்டு கொடுத்தது. அவள் நெம்பி எடுத்ததும் தண்ணீர் வரவில்லை. சாம்பல் நிறச் சேறு, பிதுக்கின மாதிரி மெல்ல வெளியே வந்தது. அதில் நகத்தளவு நத்தைக் கூடுகள். இவ்வளவு சேறு அடைத்திருந்தால் எஞ்சின் சூடேறாமல் என்ன செய்யும், சாவியை எடுத்தாலும் எப்படி நிற்கும்? காரணம் அவளுக்குப் புரிந்துவிட்டது. புரிந்த பிறகுதான் உளியைக் கீழே வைத்தாள்.

தம்பி மனைவி குனிந்து ஒரு கூட்டை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். "தண்ணிக்குள்ள கிடந்திருக்கு" என்றாள். குரலில் ஒன்றும் இல்லை.

டாக்டருக்கு வண்டி விற்றவன் வழியாகப் பழைய இரும்புக் கடைக்காரனைத் தேடிப் பிடித்தார்கள். அவன் ஒன்றையும் மறைக்கவில்லை.

"மழையில்லாத வருஷம்க்கா. கல்குவாரிப் பள்ளத்துல தண்ணி வத்தினப்ப வண்டிக் கூரை தெரிஞ்சது. உள்ளே எலும்பு இருந்துச்சு, போலீஸ் எடுத்துட்டாங்க. வண்டி உடம்பு பூரா துரு, தொட்டா உதிருது. எஞ்சின் தகடு மட்டும்தான் படிக்கிற மாதிரி இருந்துச்சு. அந்த நம்பரை வச்சுத் தேடினா ஏதோ ஒரு கிழவர் பேரு வந்ததாம். வண்டியை எப்பவோ உடைச்சாச்சு, அவரும் செத்தாச்சு. கேட்டு யாரும் வரலை. எஞ்சினைத்தான் நான் கழுவி, உள்ளே புதுசு போட்டு வித்தேன்."

யாரும் வரலை. ஸ்பேனரக்கா அந்தச் சொல்லை வீடு வரை சுமந்து வந்தாள். மேட்டில் ஒருவனை ஏமாற்றச் செய்த வேலை, தேடினவர்களை எல்லாம் ஏமாற்றிவிட்டது. பட்டறைக்குள் வந்து, சுவிட்சுக்குப் பக்கத்தில் இருந்த தகட்டை ஆணியோடு பிடுங்கினாள்.

"நான்தாண்டி ரிவிட் அடிச்சேன்."

"அவர் அடிக்கச் சொன்னாரு, நீங்க அடிச்சீங்க. சிரிச்சது மூணு பேரும்தான்" என்றாள் தம்பி மனைவி. "புடவையை மாத்துங்க. ஸ்டேஷனுக்குப் போகணும்."

ஸ்டேஷனில் ஒரு பழைய பையைக் கொண்டு வந்து வைத்தார்கள். அதற்குள் ஒரு சாவி. எஞ்சின் வால்வை அறுத்துத் தேய்த்துத் தம்பி செய்த சாவிக்கொத்தில் கோத்திருந்தது. மனைவி அதைத் தொட்டதும் அவருடையதுதான் என்று தலையை ஆட்டினாள். அவனைப் புதைத்த இடத்தையும் காட்டினார்கள். அங்கே வெறும் நம்பர்தான் நட்டிருந்தது. அதுவும் அவனுடையது இல்லாத ஒரு நம்பர் என்று ஸ்பேனரக்காவுக்குத் தோன்றியது.

பல் டாக்டரின் வண்டிக்கு, பின்னால் இரண்டு மூடியும் சரியாக இருந்த நல்ல சின்ன எஞ்சினாகப் பார்த்து மாட்டிக் கொடுத்தாள். தம்பியின் எஞ்சினை அவள் விற்கவில்லை. யார் சொல்லியும் கேட்கவில்லை. வட்டத் தகரங்களை எல்லாம் எடுத்துவிட்டு, கம்பியை விட்டுக் கிளறிக் கிளறிக் கழுவினாள். கடைசியில் வந்த தண்ணீர் தெளிவாக இருந்தது. புதுத் தகரங்களைப் போட்டு அடைத்தாள். பாசி வாடையும் போய்விட்டது. பழைய தகட்டைப் பெயர்த்தெடுத்து, அதன் சொந்தத் தகட்டை அடித்தாள். இந்த முறை ரிவிட் சாயவில்லை.

தரையில் கட்டை கொடுத்து நிறுத்தி, பேட்டரியைக் கொடுத்துக் கிளப்பினாள். தம்பி மனைவி சாவிக்கொத்தைக் கையில் வைத்துக்கொண்டு அதே கடைசிப் படியில் நின்றிருந்தாள். எஞ்சின் நன்றாகச் சூடேறும் வரை விட்டார்கள்.

"அணைங்க அண்ணி."

அணைத்தாள். ஒரு இருமல்கூட இல்லை. அந்த நொடியே நின்றது. இரண்டு பேரும் காது கொடுத்துக் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார்கள்.

"பேக்கரிக்காரருக்குச் சொல்லி அனுப்பட்டுமா?" என்றாள் ஸ்பேனரக்கா.

"நானே போய்ச் சொல்றேன்" என்று தம்பி மனைவி செருப்பை மாட்டினாள். வாசல் வரை போய், திரும்பி வந்து, சாவிக்கொத்தை எஞ்சின் மேல் வைத்துவிட்டுப் போனாள்.